சிம்மில் வைத்த பாஸ்தா

உடன்குடிப் பக்கம் கருப்பட்டிவிளை என்று ஒரு ஊர். அங்கே லைட் செட், ரேடியோ செட், பந்தல் எல்லாம் போட்டுக் கொடுக்கிற அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவர் தவசிக்கனி, நடுவில் லிங்கதுரை, கடைசி சுயம்பு. சோம்பேறிகள் என்று அவர்களை யாரும் சொல்லிவிட முடியாது. சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்வார்கள். சிக்கலே அதுதான்.

போன சித்திரையில் ஒரு கல்யாண வீட்டில் இவர்கள் ரேடியோ செட். பாட்டுச் சத்தம் தாங்காமல் ஒரு பெண் எழுந்து வந்து, "அந்த ஸ்பீக்கரைக் கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்றாள். தவசிக்கனி போய்ப் பார்த்தார். ஸ்பீக்கர் நின்றுகொண்டுதான் இருந்தது. இருந்தாலும் கேட்டுவிட்டாளே என்று, நாலு பக்கமும் கயிறு கட்டி, ஆடாமல் அசையாமல் நிப்பாட்டிவிட்டு வந்து, "இனி புயல் அடிச்சாலும் விழாதுங்க" என்றார். பாட்டு அதே சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். காதைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

அவள் பெயர் தங்கபுஷ்பம். பெங்களூரில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது பக்கத்து ஊர் தையல் கம்பெனியில் எழுபது பேருக்கு சூப்பர்வைசர். தவசிக்கனிக்கு வயசு முப்பத்தெட்டு ஆகிவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு அந்தப் பார்வை மறக்கவில்லை. திருப்பூரில் கட்டிக்கொடுத்த தங்கை பொன்செல்விதான் தரகரை விட்டுப் பேசினாள். பெண் வீட்டிலிருந்து பதில் வந்தது. நகை வேண்டாம், நட்டு வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை.

"வேலை முடிஞ்சு வந்து அடுப்படியில நிக்க என்னால முடியாது. புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு மாமாவும் நானும் வாரோம். கொத்துக்கறி போட்ட பாஸ்தா செஞ்சு வைங்க. பெங்களூர்ல புதன்கிழமை ராத்திரி அதுதான் எனக்குச் சாப்பாடு. அரை மணி நேர வேலை. அண்ணன் தம்பிக மூணு பேரா அதைச் செய்ய முடிஞ்சா மேற்கொண்டு பேசலாம்."

புதன்கிழமை நாலு மணிக்கே மூன்று பேரும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, அடுப்படியில் வரிசையாக நின்றார்கள். வீட்டுக்கு ஒரே ஒரு போன். அதை அலமாரியில் சாத்தி வைத்து, தங்கை பேசுவது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்திருந்தார்கள்.

"பெரியண்ணே, பயப்படாதீங்க. நான் ஒண்ணொண்ணா சொல்லுதேன். நீங்க அதை மட்டும் செய்யுங்க."

"அதைத்தான் செய்வோம்" என்றார் தவசிக்கனி.

"முதல்ல யாராவது போய் அரைக் கிலோ ஆட்டுக்கறி வாங்கணும். நைசா கொத்தி வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

லிங்கதுரை கிளம்பினார். கறிக்கடையில் மைதீன் பாய் தனியாக இருந்தார். லிங்கதுரை கடைக்கு நேராகப் போகவில்லை. எதிர்த்தாற்போல் இருந்த மரத்துக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றார். தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து, பாய் காதோடு சொன்னார்.

"அரைக் கிலோ. நைசா கொத்தணும். யாருக்கும் தெரியக் கூடாது."

பாய் சுற்றும் முற்றும் பார்த்தார். "எதுக்கு?"

"தங்கச்சி சொல்லியிருக்கா."

"தம்பி, இது கறிக்கடை. ஆட்டைக் கொத்துனா சத்தம் வரத்தான் செய்யும்."

"அப்ப நான் இருமுதேன். நீங்க அந்தச் சத்தத்துல கொத்துங்க."

லிங்கதுரை இரும, பாய் கொத்த, இப்படி இருபது நிமிஷம் போயிற்று. அந்த வழியாகப் போன இரண்டு பேர் நின்று, காசநோய்க்கு எங்கே மருந்து கொடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் பாயே சலித்துப்போய்ப் பொட்டலத்தைக் கையில் திணித்து, "போப்பா, யாரும் பார்க்கலை" என்றார்.

இதற்குள் வீட்டில் ஒரு பெரிய பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. சுயம்பு பாஸ்தா பாக்கெட்டைப் பிரித்து ஒன்றை எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்தான். அது குழாய் மாதிரி இருந்தது.

"அண்ணே, நம்மளை ஏமாத்திட்டாங்க. நடுவுல ஒண்ணுமே இல்ல."

தவசிக்கனியும் ஒன்றை எடுத்துப் பார்த்தார். அதன் வழியாகத் தம்பி தெரிந்தான். "எல்லாத்துலயும் எடுத்திருக்கானா?"

"நாப்பது பார்த்துட்டேன். ஒண்ணுலகூட இல்ல."

"பரவாயில்ல. இருக்கிறதைப் போடு. நல்ல நாளும் அதுவுமா கடைக்காரன்கிட்ட சண்டை வேண்டாம்."

போனில் தங்கை, "உப்பு போடுங்கண்ணே. கண்ணளவு பார்த்துப் போட்டாப் போதும்" என்றாள். அடுப்பில் பாலை வைத்திருந்ததால் அதைப் பார்க்கப் போய்விட்டாள்.

தவசிக்கனி பந்தல் அளக்கிற டேப்பை எடுத்து வந்தார். சுயம்புவின் கண்ணை அளந்தார். பிறகு, கறியோடு வந்து சேர்ந்த லிங்கதுரையின் கண்ணை அளந்தார். இரண்டும் சரியாக வரவில்லை.

"யாரு கண்ணளவுன்னு சொல்லலியே" என்றார் லிங்கதுரை.

சுயம்பு யோசித்தான். "சாப்பிடப் போறது மதினி. அவங்க கண்ணளவுதான் போடணும்."

இது நியாயம் என்று எல்லோருக்கும் பட்டது. தரகர் கொடுத்த தங்கபுஷ்பத்தின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருந்தது. அதில் அவள் கண் எள்ளளவு இருந்தது. தவசிக்கனி கல்லுப்பில் அதே அளவில் ஒரு கல்லைத் தேடி எடுத்துப் போட்டார்.

"அண்ணே, கண்ணு ரெண்டு" என்றான் சுயம்பு.

இன்னொரு கல்லும் போட்டார்கள்.

தங்கை திரும்பி வந்தாள். "பத்து நிமிஷம் ஆச்சா? ஒண்ணை எடுத்து வாயில போட்டுப் பாருங்க. வெந்திருந்தா இறக்கிரலாம்."

சுயம்பு வாயைத் திறந்தான். லிங்கதுரை ஒரு பாஸ்தாவை எடுத்து அவன் நாக்கில் வைத்தார். தவசிக்கனி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தெரியுதா?"

"பல்லு தெரியுது. அண்ணாக்கு தெரியுது. பாஸ்தாவும் தெரியுது."

"வெந்திருக்கா?"

"பார்த்தாச் சொல்ல முடியல. இன்னும் அஞ்சு நிமிஷம் கிடக்கட்டும்."

அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்தார்கள். ஏழாவது தடவை சுயம்புவின் நாக்கு சிவந்திருந்தது தெரிந்தது. பாஸ்தா தெரியவில்லை. எடுக்கும்போதே கரண்டியில் கரைந்துவிட்டிருந்தது. அப்படியானால் வெந்துவிட்டது என்று முடிவு செய்தார்கள்.

"தண்ணிய வடிச்சிருங்க. அதுல ஒரு தம்ளர் மட்டும் எடுத்து வைங்க" என்றாள் தங்கை.

தவசிக்கனி ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்துப் பீரோவில், வீட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அடுத்து இருப்புச்சட்டியில் எண்ணெய் ஊற்றி, வெங்காயத்தைப் போட்டார்கள்.

"பொன்னிறமா வர்ற வரைக்கும் வதக்குங்கண்ணே."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வீட்டில் பொன் என்று குன்றிமணி அளவுகூட இல்லை. பொன் இல்லாமல் பொன்னிறமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? லிங்கதுரை பக்கத்து வீட்டு மாரிக்கனி அக்காவிடம் போனார்.

"அக்கா, உங்க தாலிக்கொடியக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க. வெங்காயம் வதங்குற வரைக்கும் போதும்."

உள்ளே படுத்திருந்த அக்காவின் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். அக்கா அவரைக் கையமர்த்தினாள். இவர்களைப் பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரியும். "நான் உங்க அடுப்பு பக்கம் வர மாட்டேன். போன தடவை பட்டது போதும். இந்தா, இந்த சன்னல் பக்கம் நிக்கேன். என் மூக்குத்தியப் பார்த்துட்டுப் போ."

அதன்படி சுயம்பு ஒவ்வொரு தடவையும் கரண்டியில் கொஞ்சம் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, அக்கா மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, திரும்ப ஓடினான். நாலாவது ஓட்டத்தில் நிறம் ஒத்துப்போயிற்று. அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயத்தாலா, சிரிப்பாலா என்று தெரியவில்லை.

"இப்ப இஞ்சி பூண்டு விழுது போடுங்க. பச்சை வாசனை போற வரைக்கும் விடுங்க" என்றாள் தங்கை.

விழுதைப் போட்டார்கள். வாசனை குப்பென்று வந்தது. தவசிக்கனி வாசல் கதவைத் திறந்து வைத்தார். சன்னல்களையும் திறந்தார்.

"போகுதா?"

"கிளம்பிருச்சுண்ணே. ஆனா தெருமுனையில நின்னாலும் நின்னுரும். நம்ம என்னத்தைக் கண்டோம்?"

"சுயம்பு, சைக்கிளை எடு. கூடவே போ. ஒரேயடியாப் போயிருச்சான்னு பார்த்துட்டு வா."

சுயம்பு மூக்கைத் தூக்கியபடி சைக்கிளை மிதித்துப் போனான். பால் சொசைட்டியைத் தாண்டும்வரை வாசனை கூடவே வந்தது. அவன் கையிலும் சட்டையிலும் இஞ்சி பூண்டு இருந்ததை அவன் கவனிக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் ஒரு பஸ் நின்றது. வாசனையை எப்படியாவது ஊரைவிட்டு அனுப்ப வேண்டும் என்று, சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினான். கண்டக்டர் மூக்கைப் பொத்தினார். வாசனை ஏறியது உறுதி என்று தெரிந்ததும் சுயம்பு இறங்கிக்கொண்டான். பஸ் கிளம்பியது.

"திருச்செந்தூருக்கு ஏத்தி விட்டுட்டேன்" என்றான், மூச்சிரைக்க வந்து. "இனி விடியுற வரைக்கும் திரும்பி வர பஸ் கிடையாது."

"நல்ல வேலை செஞ்ச" என்றார் தவசிக்கனி.

மணி ஆறே முக்கால். கொத்துக்கறியையும் மிளகாய்த்தூளையும் தக்காளியையும் ஒன்றாகக் கொட்டினார்கள். தங்கை குரலில் இப்போது கொஞ்சம் நிம்மதி தெரிந்தது.

"அவ்வளவுதாண்ணே, முடிஞ்சுது. அடி பிடிக்காம மட்டும் பார்த்துக்கிடுங்க."

தவசிக்கனி தம்பிகளைக் கடுமையாகப் பார்த்தார். "கேட்டுச்சா? யாரும் சட்டி அடியைப் பிடிக்கக் கூடாது."

லிங்கதுரை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். சுயம்பு கையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். தவசிக்கனி கைகளைக் கட்டி, அக்குளுக்குள் செருகிக்கொண்டார். சட்டியில் தக்காளி சுண்டி, ஓரமாகக் கறுக்க ஆரம்பித்தது. அவர்கள் ஒருவர் கையை ஒருவர் கவனித்தபடி நின்றார்கள்.

"கருகுற சத்தம் கேக்குதே" என்றாள் தங்கை. "அண்ணே, அடுப்பை சிம்முல வைங்க. உடனே. வச்சு மூடி போட்டுட்டு, நான் சொல்லுதேன், அஞ்சு நிமிஷம் கழிச்சு..."

தவசிக்கனி போனை எடுத்துக் கவிழ்த்தார். பின்பக்க மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, சிம்மை வெளியே எடுத்தார். நகத்தளவு இருந்தது.

"அண்ணே, அடுப்புக்கு நாலு கால். சிம் ஒண்ணுதான் இருக்கு" என்றார் லிங்கதுரை.

"தெரியுது. யோசிக்கேன்."

"பாரம் எந்தப் பக்கம் அதிகம்?"

"சட்டி இருக்கிற பக்கம்."

"அப்ப அந்தக் காலுக்குத்தான் குடுக்கணும். பந்தல்லயும் நாம அப்படித்தானே செய்யுதோம்."

லிங்கதுரையும் சுயம்புவும் அடுப்பைச் சட்டியோடு தூக்கினார்கள். தவசிக்கனி குனிந்து இடது முன்காலுக்குக் கீழே சிம்மை வைத்தார். இறக்கினார்கள். சிம் படக் என்று இரண்டாக உடைந்தது. தீ முன்னைப்போலவே திகுதிகுவென்று எரிந்தது. மூடியைப் போட்டார்கள்.

பிறகு போனைத் திரும்ப அலமாரியில் சாத்தி வைத்து, எதிரே உட்கார்ந்து, தங்கை அடுத்து என்ன சொல்கிறாள் என்று காத்திருந்தார்கள்.

"பேச்சையே காணோமே" என்றார் லிங்கதுரை.

"யோசிக்கிறா" என்றார் தவசிக்கனி.

தங்கபுஷ்பமும் அவள் தாய்மாமன் செந்தூர்பாண்டியும் ஆட்டோவில் வந்து இறங்கியபோது வீட்டுக்குள்ளிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மாமா தீப்பிடித்துவிட்டது என்று கத்தப் போனார். தங்கபுஷ்பம் விறுவிறுவென்று உள்ளே போய், மூன்று பேரையும் தாண்டி, அடுப்பை அணைத்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளே கறி தார் மாதிரி இருந்தது.

"அடி பிடிச்சிருச்சே" என்றாள்.

"சத்தியமா இல்லைங்க" என்றார் தவசிக்கனி. "கையையே யாரும் நீட்டல. நாங்க மூணு பேரும் சாட்சி."

தங்கபுஷ்பத்துக்கும் மாமாவுக்கும் இலை போட்டார்கள். பாஸ்தா ஒரே கட்டியாக உறைந்து களி மாதிரி இருந்ததால் லிங்கதுரை கத்தியால் வெட்டி வைத்தார். கறியைச் சுரண்டி ஓரத்தில் வைத்தார். தவசிக்கனி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, பீரோவைத் திறந்து, கலங்கிய தண்ணீர்த் தம்ளரைக் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். எல்லாம் சொன்னபடி செய்திருந்தும் இலையில் இருப்பது சாப்பாடு மாதிரி இல்லை என்பது அவருக்கே தெரிந்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

மாமா இலையைத் தொடாமலேயே எழுந்தார். "அப்ப நாங்க வாரோம். கை நனைக்கலன்னு சங்கடப்படாதீங்க. சம்பந்தம் முடிவாகாம கை நனைக்கிற பழக்கம் எங்க குடும்பத்துல கிடையாது."

தவசிக்கனி முகம் சுண்டிப்போயிற்று. லிங்கதுரை தம்பி காதில், "கை நனைஞ்சாக் கல்யாணம் முடிவாயிரும்னு சொல்லுதாரு" என்றார்.

சுயம்பு ஒரு நிமிஷமும் வீணாக்கவில்லை. உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து, மாமா கும்பிட்டு விடைபெறக் கையைக் கூப்பியபோது, அந்தக் கையில் முழுவதையும் ஊற்றினான். மாமாவின் சட்டை, கைக்கடிகாரம் எல்லாம் நனைந்தது. மிச்சம் இருந்ததைத் தங்கபுஷ்பத்தின் கையிலும் பணிவாக ஊற்றினான்.

"நனைஞ்சிருச்சுண்ணே" என்றான்.

மாமா பல்லைக் கடித்தார். தங்கபுஷ்பம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தவசிக்கனி பக்கம் திரும்பி, நடந்தது என்ன என்று ஒன்றொன்றாகக் கேட்டாள். கண்ணளவைக் கேட்டாள். டார்ச் அடித்ததைக் கேட்டாள். பஸ்ஸைக் கேட்டாள். அடுப்புக் காலைக் குனிந்து பார்த்து, உடைந்த சிம்மை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

தவசிக்கனி எதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "உங்களுக்கு ஒரு வாய் சாப்பாடு போட முடியல. அதுதான் எனக்கு வருத்தம்" என்றார்.

"மாமா" என்றாள் தங்கபுஷ்பம். "எழுபது பேரை வச்சு வேலை வாங்குதேன். காலையில ஒண்ணு சொன்னா, சாயங்காலம் ஆளுக்கு ஒண்ணு செஞ்சு வச்சிருக்காங்க. சொன்னதை அப்படியே செய்யுற ஆளை என் வயசுக்கு இன்னைக்குத்தான் பார்க்கேன். ஒண்ணுக்கு மூணா இருக்காங்க."

"அதுக்காக?"

"இனி சொல்லுறதை நான் பார்த்துச் சொன்னாப் போதும். எனக்குச் சம்மதம்."

மாமா ஈரச் சட்டையைப் பிழிந்தார். கை நனைந்திருந்தது உண்மைதான் என்பதால் அவருக்கும் மறுக்க வழி தெரியவில்லை.

கிளம்பும்போது தங்கபுஷ்பம் வாசலில் நின்று சொன்னாள். "ஞாயித்துக்கிழமை நான் வந்து இந்த அடுப்படியை ஒழுங்கு பண்ணுதேன். அதுவரைக்கும் இந்த வீட்டுல ஒண்ணையும் தொட்டுராதீங்க."

ஆட்டோ போனதும் மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள்.

"அண்ணே, தரை வீட்டுல உள்ளதா, வீட்டுக்குக் கீழ உள்ளதா?" என்று கேட்டான் சுயம்பு.

தவசிக்கனி நெடுநேரம் யோசித்தார். "மண்ணு கீழ உள்ளது. அது மேல சிமெண்ட் போட்டது நாம. அதனால வீட்டுல உள்ளதுதான்."

அவ்வளவுதான். மூன்று பேரும் எட்டிக் குதித்து வெளியே வந்துவிட்டார்கள். பந்தல் சாமான் வேன் வெளியேதான் நின்றது. அதிலிருந்து கம்பும் தகரமும் இறக்கி, வீட்டுக்கு எதிரே பந்தல் போட்டுத் தங்கினார்கள். உள்ளே விளக்கு எரிந்தது. மின்விசிறி சுற்றியது. கதவு திறந்தே கிடந்தது. வியாழக்கிழமை ஒரு கோழி உள்ளே போய்ப் பாஸ்தாவைக் கொத்தியது. வெளியிலிருந்து மூன்று பேரும் அதைத் திட்டினார்கள். கோழி கேட்கவில்லை. மூன்று வேளையும் மாரிக்கனி அக்கா சோறு கொண்டுவந்து போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கபுஷ்பம் மாமாவோடு வந்து சேர்ந்தாள். பந்தலையும், நாலு நாள் தாடியோடு வரிசையாக எழுந்து நின்ற மூன்று பேரையும் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு உள்ளே போனாள். மின்விசிறியை நிறுத்தினாள். விளக்கை அணைத்தாள். கோழியை விரட்டினாள். பிறகு வாசலுக்கு வந்து நின்று சிரித்தாள்.

"இனி தொடலாம். எல்லாரும் வலது காலை எடுத்து வச்சு உள்ள வாங்க."

மூன்று பேருக்கும் கண் கலங்கிவிட்டது. ஒரே நேரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு போய், வலது காலைத் தூக்கி நிலைப்படிக்கு உள்ளே வைத்தார்கள். வைத்தபடி நின்றார்கள்.

கால் மணி நேரம் ஆயிற்று. பின்னால் வெயிலில் நின்ற மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா, பாதி உள்ளயும் பாதி வெளியயும் என்ன நிக்குறீங்க? போங்களேன்."

சுயம்பு மெல்லத் திரும்பி, உதட்டில் விரலை வைத்தான்.

"கொஞ்சம் பொறுங்க மாமா. இடது காலைப் பத்தி மதினி இன்னும் ஒண்ணும் சொல்லல."